எண்ணெய் கேட்ட உயிர்

ஜைனம்பு தன் புருஷனை முழுசாக நம்பினாள். அவன் பேச்சைத்தான் பாதி தள்ளுபடி செய்து கேட்பாள். ஜமால் முகம்மது மதராஸில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் அட்டெண்டர். கண்ணாடிக் குழாய் கழுவுவது, வாயில் பஞ்சு அடைப்பது, நீராவியில் வேகவைத்து எடுப்பது, இதுதான் வேலை. வாரம் பூராவும் நாலு பேரோடு ஓர் அறையில் படுத்துக் கிடந்துவிட்டு, சனிக்கிழமை ரயிலில் பொன்னேரி வந்து பழவேற்காட்டு பஸ்ஸைப் பிடிப்பான். திருப்பாலைவனம் தாண்டும்போதே பக்கத்து சீட்டுக்காரனிடம் பேச ஆரம்பித்துவிடுவான். வாசலில் செருப்பைக் கழற்றும்போது பாதிக் கதை முடிந்திருக்கும். மிச்சத்தை ஜைனம்பு சோறு போட்டுக்கொண்டே கேட்க வேண்டும்.

ஒரு சனிக்கிழமை அவன் சட்டைப் பையில் பஞ்சு அடைத்த சின்னக் கண்ணாடிக் குழாய் ஒன்று வந்தது. உள்ளே சாய்வாக உறைந்த கூழின் மேல் தயிர் ஏடு மாதிரி வெள்ளையாக ஒரு கோடு.

"இது இன்னா தெரியுமா? ஈஸ்ட். ரொட்டிக் கடையில மாவு பொங்கறதுக்குப் போடறாங்களே, அதான். ஆனா இது நொண்டி ஈஸ்ட். தேவகியம்மாகிட்ட கேட்டு வாங்கியாந்தேன்."

தேவகியம்மா என்பது அந்தக் கூடத்தில் ஆராய்ச்சி செய்கிற பெண்மணி. ஜமால் வாயில் அந்தப் பெயர் அடிபடாத வாரம் கிடையாது.

"நொண்டின்னா? இதுக்குக் கால் கீதா?" என்றாள் ஜைனம்பு.

"கேளு. மார்கழியில தேங்காண்ணெய் பாட்டில்லயே உறைஞ்சிடுது. நல்லெண்ணெய் உறையுதா?"

"உறையாது."

"ஒவ்வொரு உயிரைச் சுத்தியும் கொழுப்பால ஒரு தோல் கீது. அது நல்லெண்ணெயாட்டம் இளகி இருக்கணும். தேங்காண்ணெயாட்டம் உறைஞ்சா உயிர் போயிடும். உறையாம இருக்கறதுக்கு அந்தக் கொழுப்பை அங்கங்க வளைச்சு வுடணும். அதுக்குன்னே ஈஸ்டுக்குள்ள ஒரு என்சைம் வேலை செய்யுது. இதுக்கு அந்த என்சைம் கெட்டுப்போச்சு. நாம எண்ணெய் குடுத்தா வாங்கிக்கினு பொழைக்கும்."

"குடுக்கலன்னா?"

"உடனே சாகாது. இருக்கிற எண்ணெயைத் தாய் தன் மகளுக்குப் பங்கு போடும். அந்த மக தன் மகளுக்குப் போடும். பங்கு குறைஞ்சிகினே வரும். அப்புறம் எல்லாம் சேர்ந்து செத்துப்போயிடும்."

ஜைனம்புவுக்குச் சோற்றில் கை நின்றுவிட்டது. கண்ணுக்குத் தெரியாத ஒரு குடும்பம் கடைசிச் சொட்டு எண்ணெயைப் பங்கு போடுவதை நினைத்தால் ஏனோ அவளுக்குப் பயமாக இருந்தது. அதைப் பார்த்துவிட்டு அவன் சிரித்தான்.

"என் கதைதான் அது. நீ தலைக்கு எண்ணெய் தேச்சு வுடலன்னா நானும் செத்துடுவேன்."

வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, காலி ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஊற்றி, அந்த வெள்ளைக் கோட்டைச் சுரண்டி உள்ளே போட்டார்கள். புது எண்ணெய் இதற்கு ஒத்துக்கொள்ளாதாம். விளக்கில் நாள்பட்டுச் சிக்கு வாடை அடிக்கிற நல்லெண்ணெய் என்றால்தான் உள்ளே இருக்கிற கொழுப்பு பிரிந்து வந்து இதன் வாயில் நுழையுமாம். ஜைனம்பு விளக்கிலிருந்து ஒரு விரல் எண்ணெய் எடுத்து விட்டாள். மறுநாள் பாட்டில் நுரை கட்டி நின்றது. காதை வைத்தால் உஸ்ஸென்று ஒரு சத்தம்.

ஜமாலின் தாயார் ஆமினா பீவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து பார்த்தாள். "இன்னாடா இது, வூட்டுல கள்ளுக்கடை வெக்கப் போறியா? இந்த ஹராமான வஸ்து என் அடுப்பங்கரையில இருக்கக் கூடாது." அந்த அம்மாள் ஒன்று சொன்னால் மாற்றிச் சொல்கிற வழக்கம் இல்லை. பாட்டில் பின்கட்டு அறைக்குப் போயிற்று. பழைய பாய்களும் கிழிந்த வலையும் கிடக்கிற இடம் அது. அதன் ஜன்னலைத் திறந்தால் ஏரி தெரியும். மாமியார் அந்தப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டாள். வாரத்துக்கு ஒரு முறை பாதியைக் கொட்டிவிட்டுப் புதுசாக வெல்லத் தண்ணீரும் ஒரு விரல் எண்ணெயும் விடுவது ஜைனம்புவின் வேலையாயிற்று. பிள்ளை இல்லாத வீட்டில் அதுவும் ஒரு வேலைதான்.

எண்பத்து நாலாம் வருஷம் புயல் அடித்து ஓய்ந்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோட்டைக்குப்பத்துத் திருவேங்கடத்தோடு ஜமால் இறால் பிடிக்கப் படகில் போனான். இருவரும் சின்ன வயசிலிருந்து சிநேகிதம். மதராஸில் கண்ணாடி கழுவுகிறவனுக்கு வாரத்தில் ஒரு நாளாவது உப்புத் தண்ணீரில் கை வைக்காவிட்டால் தூக்கம் வராது. புயல் ஏரியின் முகத்துவாரத்தை அகலமாக வெட்டிவிட்டிருந்தது. அங்கே நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும் என்று மீன்பிடிக்கிறவர்களுக்கே பிடிபடாத நாட்கள் அவை. படகு கவிழ்ந்தது. திருவேங்கடம் நீந்தி மணல் திட்டில் ஏறினான்.

"துடுப்பைப் பிடிச்சிகினு மெதந்தாரு பாயம்மா," என்று அவன் ஜைனம்புவின் வீட்டு வாசலில் உட்கார்ந்து அழுதான். "வந்துடுவாருன்னுதான் நெனைச்சேன். அலை ஒண்ணு முகத்துல அடிச்சிது. தொடைச்சிகினு பாக்கறேன், துடுப்பு மட்டும்தான் கீது. அவரு முழுகினதையும் நான் பாக்கல."

படகு மட்டும் யாரும் தள்ளாமல் தானாகவே ஏரிக்குள் திரும்பி, கிளம்பின துறையிலேயே வந்து ஒதுங்கிற்று. குப்பத்து ஆட்கள் முகத்துவாரத்தில் வலை போட்டுப் பார்த்தார்கள், கடற்கரை நெடுக நடந்தார்கள். சட்டைத் துணிகூடக் கிடைக்கவில்லை.

உடல் இல்லாத சாவு எல்லோரையும் சங்கடத்தில் விடுகிறது. பள்ளிவாசல் ஹஸ்ரத் நல்ல மனிதர், தாடியைத் தடவிக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். மூழ்கியதைக் கண்ணால் கண்ட சாட்சி இல்லை. பிழைத்திருப்பான் என்று நம்பவும் வழி இல்லை. வீட்டார் கலந்து மௌத்து என்று முடிவு செய்தால், இறந்தவனுக்கான தொழுகை வைத்துவிடலாம் என்றார். அன்றிலிருந்து ஜைனம்பு இத்தா உட்கார வேண்டும். அதாவது வெள்ளை உடுத்து, நகை கழற்றி, அன்னிய ஆண் முகம் பாராமல் மாதக்கணக்கில் வீட்டுக்குள் இருக்க வேண்டும். அது முடிந்தால் அவள் மறுபடி நிக்காஹ் செய்துகொள்ள மார்க்கத்தில் தடை இல்லை.

"மௌத்துதான்," என்றாள் ஆமினா பீவி. ஹஸ்ரத் வாயை மூடுவதற்குள் சொன்னாள். "எம்புள்ளை போயிட்டான். இவளை இத்தா உக்கார வெச்சிடலாம்."

பெற்றவள் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று ஜைனம்புவுக்கு ஆறவே இல்லை. அந்த வாரமே ஜமாலின் சட்டைகள் ஏழைகளுக்குப் போய்விட்டன. அவன் தட்டு பரணுக்குப் போயிற்று. தினமும் காலையில் மாமியார் வெள்ளைப் புடவையை மடித்து அவள் பாயருகே வைப்பாள். தினமும் ஜைனம்பு அதை எடுத்துக் கொடியில் போடுவாள். இரண்டு பெண்கள் மட்டும் இருந்த அந்த வீட்டில் அதைத் தவிர வேறு பேச்சுவார்த்தை இல்லை.

பின்கட்டில் பாட்டில் பொங்கிக்கொண்டுதான் இருந்தது. ஜைனம்பு அதன் முன்னால் உட்கார்ந்து நேரத்தைக் கழித்தாள். எண்ணெய் இல்லாவிட்டால் நானும் செத்துடுவேன் என்று அவன் விளையாட்டுக்குச் சொன்னது இப்போது அவளுக்கு விளையாட்டாகப் படவில்லை. இது உயிரோடு இருக்கிற வரைக்கும் அவனும் இருக்கிறான் என்று ஒருநாள் மாமியாரிடம் சொல்லியும்விட்டாள்.

ஆமினா பீவி சுள்ளென்று விழுந்தாள். "நீ எண்ணெய் ஊத்தறே, அது பொங்குது. ஊத்தாம வுட்டுப் பாரு, தெரியும்."

"வுட்டே பாக்கறேன் மாமி. இனிமே ஒரு சொட்டு எண்ணெய் வுட மாட்டேன். இது செத்துட்டா அன்னிக்கே வெள்ளை உடுத்தி உக்காருறேன். சாகலன்னா அவரு ஹயாத்தோட கீறாருன்னு அர்த்தம். அப்புறம் நீங்க வாயைத் தொறக்கக் கூடாது."

உயிரை வைத்து இப்படியெல்லாம் பந்தயம் கட்டலாமா என்று கேட்டால், கூடாதுதான். ஆனால் கடலில் ஆளைத் தொலைத்தவள் எதன்மேல்தான் கட்டுவாள்? ஆமினா பீவி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள். அதைச் சம்மதம் என்று ஜைனம்பு எடுத்துக்கொண்டாள்.

பந்தயத்தில் அவள் நாணயமாக இருந்தாள். பின்கட்டிலிருந்து விளக்கை எடுத்துவிட்டாள். கையிலிருந்து தெறித்துவிடுமோ என்று தலைக்கு எண்ணெய் வைப்பதையே நிறுத்தினாள். கைகளைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் பாட்டிலைத் தொடுவாள். பாதியைக் கொட்டுவாள், வெல்லத் தண்ணீர் விடுவாள், துணியைக் கட்டுவாள்.

முதலில் நுரை மெலிந்தது. பிறகு உஸ்ஸென்ற சத்தம் நின்றது. அடுத்த முறை தண்ணீர் மாற்றியபோது அடியில் வெள்ளையாக வண்டல் படிந்து, மேலே தண்ணீர் தெளிந்துபோயிருந்தது. உள்ளே தாய்கள் மகள்களுக்குக் கடைசிப் பங்கைக் கொடுத்து முடித்துவிட்டார்கள் என்று அவளுக்குப் புரிந்தது. அன்று வியாழக்கிழமை. மாமியார் வழக்கம்போலச் சாயங்காலம் கடற்கரைத் தர்காவுக்குக் கிளம்பிப் போனதும், ஜைனம்பு கொடியில் கிடந்த வெள்ளைப் புடவையைத் தொட்டுப் பார்த்தாள். மறுநாள் காலையிலும் பாட்டில் அசையவில்லை. இன்னும் ஒரு நாள், அப்புறம் உடுத்திக்கொள்கிறேன் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் சனிக்கிழமை. மத்தியானம் அவன் பஸ் வருகிற நேரத்துக்கு அவள் பின்கட்டுக்குப் போனாள். கதவைத் தள்ளுவதற்கு முன்பே சத்தம் கேட்டது. பாட்டிலின் கழுத்துவரை நுரை ஏறி, கட்டியிருந்த துணியை மேலே உப்பித் தள்ளிக்கொண்டிருந்தது. அறையில் வேறு யாரும் இல்லை. ஜன்னல் சாத்தியிருந்தது. ஜைனம்பு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் இவ்வளவு நாளும் கேட்டது இதைத்தான், கேட்டது வந்ததும் அவளுக்கு முதுகெல்லாம் சில்லிட்டுவிட்டது. "நீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள். நுரை உஸ்ஸென்றது.

அந்த நாட்களில்தான் மதராஸிலிருந்து தேவகி வந்தாள். ஜமால் ஆராய்ச்சிக்கூடத்தில் விட்டிருந்த செருப்பையும் டிபன் பாக்ஸையும் ஒரு பையில் போட்டு எடுத்து வந்திருந்தாள். ஆறுதல் சொல்லத் தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தவளை ஜைனம்பு பின்கட்டுக்கு அழைத்துப் போனாள். எண்ணெய் விடாமல் எத்தனை முறை தண்ணீர் மாற்றினாள் என்பதைச் சொன்னாள். தேவகி பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"இது இருக்கக் கூடாதேம்மா," என்றாள் தேவகி. "எண்ணெய் இல்லாம இது பொழைச்சதை நான் பார்த்ததே இல்ல. வேற ஈஸ்ட் காத்துல வந்து விழுந்திருக்கலாம். இல்ல, கோடியில ஒண்ணு தன்னைத் தானே சரி பண்ணிட்டு எழுந்திருக்கும். அதுவும் இல்லன்னா யாரோ எண்ணெய் குடுக்கறாங்க. நல்லா ஞாபகப்படுத்திப் பாருங்க."

தேவகி சொன்னது மூன்று காரணம். ஜைனம்பு காதில் ஏறியது முதல் வாக்கியம் மட்டும்தான். செத்திருக்க வேண்டியது சாகவில்லை.

அதற்குப் பிறகு அவள் பரணிலிருந்து அவன் தட்டை இறக்கினாள். சனிக்கிழமைகளில் அவனுக்கும் சோறு போட்டு வைத்தாள். பஸ் நிற்கும் இடத்தில் போய் நின்றாள். இறங்குகிறவர்களில் யாராவது செருப்பு இல்லாமல் வந்தால் முகத்தைப் பார்க்காமல் முதலில் காலைப் பார்த்தாள், உப்பு படிந்திருக்கிறதா என்று. திருவேங்கடம் அவளைத் தூரத்தில் கண்டால் சந்தில் புகுந்துவிடுவான். "பாயம்மா என் தோளுக்குப் பின்னாடி யாரையோ பாக்கறாங்க," என்று அவன் குப்பத்தில் சொன்னது ஊருக்குள்ளும் வந்தது. கடைத்தெருவில் பெண்கள் அவளுக்கு வழி விட்டு ஒதுங்கினார்கள். அவள் யாரையும் குறை சொல்லவில்லை. அவளுக்கே தன்னோடு ஒரு வீட்டில் இருக்கப் பயமாகத்தான் இருந்தது. பாட்டிலின் சத்தத்தில் சில நேரம் அவன் தொண்டையைச் செருமுவது கேட்டது. பேச ஆரம்பிக்குமுன் அவன் செருமுவான். செருமல் வரும், பேச்சு வராது.

ஆமினா பீவி பந்தயத்தில் தோற்றதைப் பற்றி மூச்சு விடவில்லை. ஆனால் வெள்ளைப் புடவையைப் பாயருகே வைப்பதையும் நிறுத்தவில்லை.

ஒரு சனிக்கிழமை தண்ணீர் மாற்றுவதற்காகப் பாட்டிலைத் தூக்கியவள் அதைத் திருப்பிக் கீழே வைத்தாள். கண்ணாடியின் தோளில் பளபளவென்று ஒரு விரல் தடம். எண்ணெய்த் தடம். தன் கையை முகர்ந்தாள், சாம்பல் வாசம்தான். பாட்டிலை முகர்ந்தாள். புளித்த வாடைக்கு மேலே சாம்பிராணி மணந்தது. வானத்து மலக்குகள் வந்து போன இடத்தில் நறுமணம் இருக்கும் என்று சின்ன வயசில் கேட்டிருக்கிறாள். தண்ணீரில் போனவர்கள் வந்து போனால் என்ன மணக்கும் என்று யாரும் சொன்னதில்லை. எதுவாக இருந்தாலும் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தாள்.

வியாழன் சாயங்காலம் பார்த்தாள், தடம் இல்லை. வெள்ளி காலையிலும் இல்லை. மத்தியானம் ஜும்ஆத் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். தெருவில் இருந்த ஆண்கள் அத்தனை பேரும் பள்ளிவாசலுக்குப் போய்விட, சாமான் விற்கிறவன் குரல்கூட இல்லாமல் தெரு வெறிச்சென்று ஆயிற்று. வழக்கமாக அந்த நேரத்தில் ஜைனம்பு உள்ளறையில் தொழுதுகொண்டிருப்பாள். அன்று தொழுகை விரிப்பான முசல்லாவை விரித்துப் போட்டுவிட்டு, சத்தமில்லாமல் பின்கட்டுக்குப் போய், சுருட்டி நிறுத்தியிருந்த பாய்களுக்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்டாள். ஜன்னல் இடுக்கில் ஏரி வெள்ளையாகக் கண்ணைக் கூசவைத்தது. பாட்டில் சுருதி போட்டது மாதிரி உஸ்ஸென்றுகொண்டே இருந்தது.

கதவு திறந்தது. வருவது யாராக இருந்தாலும் கத்தக் கூடாது என்று ஜைனம்பு முந்தானையை வாயில் கடித்துக்கொண்டாள்.

ஆமினா பீவி வந்தாள். மூக்கைப் பொத்தவில்லை. பாட்டிலின் முன்னால் தரையில் உட்கார்ந்து, மடியிலிருந்து சின்னச் சிமிழ் ஒன்றை எடுத்தாள். வியாழக்கிழமை தர்கா விளக்கில் எரிந்து மிஞ்சிய எண்ணெயைச் சீக்காளிகளுக்கென்று பெண்கள் வாங்கிப் போவார்கள். நெற்றியில் தடவுவார்கள், ரொம்ப முடியாதவர்கள் வாயில் ஒரு விரல் விடுவார்கள். ஆமினா பீவி துணியை அவிழ்த்தாள். பிஸ்மில்லா சொல்லி விரலைச் சிமிழில் முக்கினாள்.

"வாயைத் தொறடா கண்ணு," என்றாள். "உம்மா வந்துகீறேன் பாரு."

அந்தக் குரலை ஜைனம்பு அந்த வீட்டில் அதுவரை கேட்டதே இல்லை. பாய்களை விலக்கிக்கொண்டு எழுந்தாள்.

"மாமி."

கிழவிக்குத் தூக்கிவாரிப் போட்டது, ஆனால் சிமிழ் கையிலிருந்து விழவில்லை. எண்ணெய் விரலை நிதானமாகத் தன் தலையில் துடைத்துக்கொண்டாள்.

"பாத்துட்டியா."

"மௌத்துன்னு சொன்னது நீங்கதானே? ஹஸ்ரத் முன்னாடி சொன்னீங்களே!"

"இப்பவும் சொல்றேன். உனக்கு அவன் மௌத்து. நீ இத்தா இருந்து எழுந்து, ஒரு நல்லவனாப் பாத்துக் கட்டிக்கினு, புள்ளை குட்டின்னு இருக்கணும். பொண்ணு கேட்டு உன்னை இந்த வூட்டுக்குக் கொண்டாந்தவ நான். உன் ஹயாத்தை நான் வீணாக்க மாட்டேன்."

"அப்போ உங்களுக்கு?"

ஆமினா பீவி அவளை நிமிர்ந்து பார்த்தாள். "நான் எதுக்குடி அவனைச் சாகடிக்கணும்? எனக்கு யாரு நிக்காஹ் பண்ணப் போறா?"

பிறகு அவள் முகம் கோணிற்று. "அன்னிக்கு அப்படியே வுட்டிருந்தா இது செத்திருக்கும், நீயும் பொழைச்சிருப்பே. தர்காவுல இருந்து எண்ணெயைக் கொண்டாந்துட்டேன், வாணாம் வாணாம்னுதான் இருந்தேன். கை கேக்கலடி," என்றாள். அப்போதுதான் அழுதாள்.

ஜைனம்புவுக்கு அழுகை வரவில்லை. கோபம் வருமென்று பார்த்தாள், அதுவும் வரவில்லை. யாரும் கொடுக்காமல் ஓர் உயிர் எழுந்து நின்றது என்ற ஒன்றின் மேல்தான் அவள் இத்தனை நாள் நின்றுகொண்டிருந்தாள். கொடுத்த கை எதிரே இருக்கிறது, வயசான கை, எண்ணெய் படிந்து மினுங்குகிறது. முகத்துவாரத்தில் அன்றைக்குச் சாகாத ஜமால் முகம்மது அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் செத்துப்போனான். அவள் மாமியார் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டபோது ஜும்ஆ முடிந்து தெருவில் ஆள் நடமாட்டம் கேட்டது.

மறுநாள் வெள்ளை உடுத்து இத்தா உட்கார்ந்தாள். உட்காருமுன் பாட்டிலைக் கொண்டுவந்து மாமியாரிடம் கொடுத்தாள். "இனிமே தண்ணியும் நீங்களே மாத்துங்க மாமி," என்றாள். ஆமினா பீவி அதைப் பின்கட்டில் வைக்கவில்லை. முன்பு விரட்டிய அடுப்பங்கரைக்கே கொண்டுபோய், தான் உட்காருகிற இடத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். ஹராம், கள்ளுக்கடை என்ற பேச்சே அப்புறம் எழவில்லை.

உள்ளறைக்கும் அடுப்பங்கரைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். பகல் சாப்பாட்டு வேளையில் மாமியார் துணியை அவிழ்ப்பது ஜைனம்புவுக்குக் கேட்கும். "சாப்பிட்டியாடா?" என்று தணிந்த குரலில் அவள் கேட்பது கேட்கும். பிறகு நுரையின் உஸ்ஸென்ற சத்தம். அதற்குப் பிறகு தொண்டையைச் செருமுகிற மாதிரி ஒன்று. ஊரறிய அவனுக்கு விதவையாகி உட்கார்ந்திருக்கிற ஜைனம்பு, கையில் எடுத்த கவளத்தை அப்படியே பிடித்துக்கொண்டு, அவன் பேசுவதற்காகக் காத்திருப்பாள்.